இஸ்லாத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு: தென்னாப்பிரிக்காவில் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

இஸ்லாத்தில் இருந்து, நடுவில் விலகிப் போய், இப்போது திரும்ப நினைக்கிற தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னைப் போல வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவராக இருக்கலாம். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பிறந்து, கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொல்லி வந்து, பிறகு வெளியே போனவராகவும் இருக்கலாம். நான் கீழக்கரைக்காரன், டர்பனில் இருக்கிறேன். திரும்பி வந்த நேரத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் செல்லாது என்றார் ஒருவர். பெயரை மாற்று என்றார் இன்னொருவர். விட்ட தொழுகை அத்தனையையும் கணக்குப் பார்த்துவிட்டு வா என்றார் மூன்றாமவர். நிக்காஹ் (திருமண ஒப்பந்தம்) என்ன ஆயிற்று என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

ஏன் போனீர்கள், ஏன் வருகிறீர்கள் என்பது உங்கள் விஷயம். இங்கே வரிசை, காகிதம், செலவு, நேரம் மட்டும்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்த நாட்டில் மதத்தை விடுவதற்கும் திரும்பி வருவதற்கும் எந்த அரசு அலுவலகத்திலும் பதிவு கிடையாது. அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு மதச் சுதந்திரம் தருகிறது. ஐடி கார்டில் மதம் என்று ஒரு வரியே இல்லை. ஆகவே "ஹோம் அஃபேர்ஸில் (உள்துறையில்) மதத்தை மாற்றித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால், அப்படி ஒரு வேலையே இல்லை.

1. நீங்கள் உண்மையிலேயே வெளியே போனீர்களா?

இதைத் தீர்மானிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இனி வரும் சட்டங்கள் எல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

தொழாமல் இருந்தது, நோன்பு விட்டது, குடித்தது, பள்ளிவாசல் பக்கமே போகாதது, சந்தேகங்கள் வந்து அலைக்கழிந்தது, இவற்றால் மட்டும் ஒருவர் முர்தத் (மார்க்கத்தை விட்டு வெளியேறியவர்) ஆகிவிடுவதில்லை என்பதே நம் ஊரிலும் இங்கும் பின்பற்றப்படும் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளின் (மார்க்கச் சட்ட மரபுகளின்) நிலை. தொழுகை கடமை என்று ஒப்புக்கொண்டே சோம்பலில் விட்டவர் பாவி, முஸ்லிம்தான். அவர் புதிதாகக் கலிமா சொல்லி வர வேண்டியதில்லை. தவ்பா (பாவமன்னிப்புக் கோருதல்) செய்தால் போதும், நிக்காஹ் அப்படியே நிற்கிறது. இவர்கள் 2, 4 இரண்டையும் விட்டுவிட்டு 5-ஆம் படிக்குப் போகலாம்.

"நான் முஸ்லிம் இல்லை" என்று தெளிவாக முடிவு செய்து சொன்னவர், வேறு மதத்தை ஏற்று அதன்படி வழிபட்டவர், அல்லாஹ்வையோ தூதரையோ மறுத்தவர் வேறு வகை. இவர்களுக்குத்தான் முழு வரிசையும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்கள்தான் அதிகம். கோபத்தில் சொன்னேன், மனைவி வீட்டுக் கோயிலுக்குப் போய் நின்றேன், ஆனால் மனசுக்குள் என்ன இருந்தது என்று தெரியவில்லை என்பார்கள். இதை நீங்களே தனியாக உட்கார்ந்து தோண்டாதீர்கள், வாட்ஸாப் குழுவிலும் போடாதீர்கள். நடந்ததை நடந்தபடி ஒரு ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) சொல்லி, அவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. கலிமாவும் குளிப்பும்

செலவு இல்லை. நேரம் ஒரு நிமிடம். மனதார நம்பி ஷஹாதா கலிமாவை மொழிய வேண்டும். எந்த நம்பிக்கையால் வெளியே போனீர்களோ அதைக் கைவிட வேண்டும். நடந்ததற்கு வருந்தி, இனி போக மாட்டேன் என்று உறுதி கொள்ள வேண்டும். இதற்குப் பள்ளிவாசலோ சாட்சியோ வெள்ளிக்கிழமையோ தேவையில்லை. வீட்டில், காரில், வேலை இடத்தில் எங்கேயும் சொல்லலாம். "வர்ற ஜும்ஆவுக்கு எல்லார் முன்னாலும் சொல்லலாம்" என்று யாராவது தள்ளிப்போடச் சொன்னால் கேட்காதீர்கள். முதலில் சொல்லிவிடுங்கள். பள்ளியில் சாட்சிகள் முன் இன்னொரு முறை சொல்வதில் தவறில்லை. 6-ஆம் படியில் வரும் கடிதத்துக்கு அது உதவும்.

குளிப்பு: குளிப்புக் கடமையான நிலையில் இருந்திருந்தால் இப்போது குளிப்பது கட்டாயம். திருமணமானவர்களுக்கு இது எப்படியும் பொருந்தும். மற்றவர்களுக்கு ஷாஃபியிலும் ஹனஃபியிலும் சுன்னத். எப்படியும் குளித்துவிடுங்கள், விவாதம் மிச்சம்.

சூரா ஸுமரின் 53-வது வசனம், தங்களுக்கு எதிராக வரம்பு மீறிக்கொண்டவர்களை அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்கிறது. "உனக்கெல்லாம் தவ்பா ஏற்குமா" என்று யாராவது இழுத்தால் அந்த வசனத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

3. ஒரு ஆலிம் போதும், ஒன்பது பேர் வேண்டாம்

டர்பனில் நகர மையத்தில் இருந்தால் கிரே ஸ்ட்ரீட் ஜும்ஆ மஸ்ஜித் எல்லோருக்கும் தெரியும். தெருவின் இன்றைய பெயர் டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட். மார்க்கப் பிரசாரகர் அஹ்மத் தீதாத் பெயரோடு இணைந்த இஸ்லாமிக் ப்ரோபகேஷன் சென்டர் இன்டர்நேஷனலும் டர்பனில்தான். கேள்வி கேட்கவும் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வாங்கவும் ஜம்இய்யதுல் உலமா குவாசுலு நட்டால் இருக்கிறது. ஜோஹானஸ்பர்க்காரர்களுக்கு ஃபோர்ட்ஸ்பர்க்கில் ஜம்இய்யதுல் உலமா சவுத் ஆப்பிரிக்கா. கேப் டவுனில் முஸ்லிம் ஜுடிஷியல் கவுன்சில்.

இங்கே ஒரு பொறி உண்டு. டர்பன் இந்திய முஸ்லிம்களில் பெரும்பாலோர் குஜராத்தி, மேமன், உருது வழி வந்த ஹனஃபிகள். நம் கடலோர ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் ஷாஃபி. கேப் டவுன் மலாய் முஸ்லிம்களும் ஷாஃபி. திரும்பி வருபவர் விஷயத்தில் இரண்டு மத்ஹபுகளும் சில இடங்களில் நேர் எதிராகப் பேசுகின்றன. நீங்கள் ஷாஃபி என்று சொல்லாமல் ஹனஃபி மவ்லானாவிடம் கேட்டால் அவர் ஹனஃபிச் சட்டத்தைத்தான் சொல்வார்; அவர் மேல் குற்றமில்லை. முதல் வாக்கியத்திலேயே "நான் ஷாஃபி குடும்பம், அந்த மத்ஹபுபடி சொல்லுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு இடத்தில் கேட்டு எது சுலபமோ அதை எடுத்துக்கொள்வதும் வேலைக்காகாது. நிக்காஹில் ஒன்றையும் தொழுகையில் இன்னொன்றையும் பிடித்துக்கொண்டு கடைசியில் குழம்பித்தான் நிற்பீர்கள்.

பள்ளியில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையிலும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். அஸருக்கு (பிற்பகல் தொழுகைக்கு) இரண்டு கட்டங்கள், ஷாஃபிக்கு ஒன்று, ஹனஃபிக்கு ஒன்று. டர்பனில் குளிர்காலத்தில் இரண்டுக்கும் அரை மணிக்கு மேல் இடைவெளி, கோடையில் ஒரு மணிக்கு மேல். கூட்டுத் தொழுகை பொதுவாக ஹனஃபி நேரத்தில்தான் நடக்கும். சுபுஹில் (அதிகாலைத் தொழுகையில்) இரண்டாம் ரக்அத் ருகூவிலிருந்து எழுந்து, குனூத் என்ற ஷாஃபிகளின் துஆவுக்காக நீங்கள் கையை உயர்த்தும்போது இமாம் நேராக ஸஜ்தாவுக்குப் போயிருப்பார், முன் வரிசை முழுக்கக் கீழே, நீங்கள் மட்டும் நின்றுகொண்டிருப்பீர்கள். பரவாயில்லை, பின்தொடர்ந்து போய்விடுங்கள்.

மொழி விஷயம்: தமிழில் பேசும் ஆலிம் கிடைப்பது கஷ்டம். ஆங்கிலத்தில் சொல்ல வராவிட்டால், ஊரில் ஒரு ஹஜ்ரத்திடம் போனில் கேட்டு, அவர் சொன்னதை எழுதி எடுத்துக்கொண்டு இங்கே உள்ளவரைப் பாருங்கள்.

பெண்களுக்கு: இங்கே பல பள்ளிகளில் பெண்களுக்குத் தொழ இடமே இல்லை, சிலவற்றில் உண்டு. போவதற்கு முன் போன் செய்து கேளுங்கள். மவ்லானாவிடம் நேராகப் பேசச் சங்கடமாக இருந்தால் பெண் ஆலிமாக்கள் இருக்கிறார்கள், அலுவலகத்தில் கேட்டால் தொடர்பு தருவார்கள்.

4. நிக்காஹ்: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

திருமணமானவர் எனில் கலிமாவுக்கு அடுத்த வேலை இதுதான். அதே வாரத்தில். பதில் கிடைக்கும்வரை கணவன் மனைவியாக நெருங்காமல் இருங்கள் என்றுதான் ஆலிம்கள் சொல்வார்கள்.

ஷாஃபி மத்ஹபு: தாம்பத்தியம் நடந்த திருமணத்தில் ஒருவர் வெளியேறினால் நிக்காஹ் இத்தா (மனைவி காத்திருக்க வேண்டிய) காலம் முடியும்வரை தொங்கலில் நிற்கும். அதற்குள் திரும்பினால் பழைய நிக்காஹே தொடரும். இத்தா முடிந்த பிறகு வந்தால் அது முறிந்தது, புதிதாகச் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபு: கணவன் வெளியேறிய அந்த நிமிடமே முறிகிறது, எப்போது வந்தாலும் புது நிக்காஹ். மனைவி வெளியேறிய விஷயத்தில் பிற்கால ஹனஃபி அறிஞர்களிடையே வேறு தீர்ப்பும் உண்டு. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இது தலாக் இல்லை, எண்ணிக்கையில் குறையாது என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

புது நிக்காஹுக்கு என்ன வேண்டும்? வலீ (பெண்ணின் பொறுப்பாளர்), இரண்டு முஸ்லிம் ஆண் சாட்சிகள், மஹர் (மணக்கொடை), இருவர் சம்மதம். மண்டபம், பிரியாணி, அழைப்பிதழ் எதுவும் வேண்டாம். வீட்டுக் கூடத்தில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மஹர் சிறு தொகையாகவும் இருக்கலாம், ஆனால் மனைவி கேட்பதைக் கொடுங்கள். இத்தனைக்கும் பிறகு அவர் சம்மதித்தாரே. மனைவியின் வாப்பா முஸ்லிமாக இல்லாவிட்டால் அவர் வலீயாக முடியாது. முஸ்லிம் உறவினர் எவரும் இல்லாதபோது அந்தப் பொறுப்பை ஆலிமோ ஜமாஅத்தோ ஏற்கும். வாப்பா ஊரில் இருந்தால் இங்கே ஒருவரைத் தன் பிரதிநிதியாக நியமிக்கச் சொல்லி வாங்கலாம்.

இனி சட்டப் பக்கம். இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

நீங்கள் ஏற்கெனவே சிவில் திருமணம் பதிவு செய்தவர் என்றால் அது அசையாமல் அப்படியே இருக்கிறது. புது நிக்காஹை ஹோம் அஃபேர்ஸில் பதிவு செய்யாதீர்கள். 2014 முதல் பல இமாம்கள் அரசின் திருமண அதிகாரிகளாகவும் இருக்கிறார்கள்; வழக்கம்போல அவர் அரசுப் பதிவேட்டை எடுத்து வைப்பார். "எங்கள் சிவில் பதிவு முன்பே உண்டு, மார்க்க நிக்காஹ் மட்டும்" என்று முன்கூட்டியே சொல்லி, பழைய திருமணச் சான்றிதழின் நகலைக் காட்டுங்கள்.

நிக்காஹ் மட்டும் செய்து, சிவில் பதிவு இல்லாதவர்களுக்கு: 2022 ஜூன் 28 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், முஸ்லிம் திருமணங்களைச் சட்டம் அங்கீகரிக்காமல் விட்டது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2024-இல் விவாகரத்துச் சட்டம் திருத்தப்பட்டது. பிரிவு வந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இப்போது நீதிமன்றப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் விசா, இன்சூரன்ஸ், பென்ஷன் என்று வரும்போது சிவில் சான்றிதழ் கையில் இருந்தால்தான் நிம்மதி. புது நிக்காஹோடு சேர்த்துச் சிவில் பதிவும் செய்வதாக இருந்தால், அதற்கு முன்பே ஒரு நோட்டரி வக்கீலிடம் ஆன்டினப்ஷியல் ஒப்பந்தம் (திருமணத்துக்கு முந்தைய சொத்து ஒப்பந்தம்) போட்டுவிடுங்கள். போடாவிட்டால் இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகக் கலந்துவிடும். திருமணத்துக்குப் பின் அதை மாற்ற ஹைகோர்ட் வரை போக வேண்டும், செலவு பல மடங்கு. ஒப்பந்தம் கையெழுத்தான 3 மாதத்துக்குள் டீட்ஸ் ஆபீஸில் (பத்திரப் பதிவு அலுவலகத்தில்) பதிவாக வேண்டும். வக்கீலிடம் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட், திருமணத்துக்குத் தடையில்லை என்ற கடிதம், ஹோம் அஃபேர்ஸ் நேர்காணல் எல்லாம் உண்டு, அதற்கு வாரங்கள் ஆகும். அந்தக் காகிதங்களுக்காக நிக்காஹை நிறுத்திவைக்க வேண்டாம். நிக்காஹ் இப்போது, பதிவு பின்னால்.

கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். வெளியே இருந்த காலத்தில் இந்துவையோ வேறு மதத்தவரையோ மணந்து, பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால்? முஸ்லிம் பெண் முஸ்லிம் அல்லாத ஆணின் மனைவியாக இருப்பதை நான்கு மத்ஹபும் ஏற்கவில்லை. ஆணுக்கும் வேதக்கார (யூத, கிறிஸ்தவ) பெண்ணைத் தவிர மற்றவர் விஷயத்தில் அதே நிலைதான். சட்டத்தை மறைத்துப் பேசி உங்களைச் சமாதானப்படுத்த நான் தயாரில்லை. ஆனால் வந்த வாரத்திலேயே வீட்டை இரண்டாக்கச் சொல்கிற ஆளிடமிருந்தும் விலகி இருங்கள். குடும்ப ஆலோசனையில் பழக்கமுள்ள ஆலிமிடம் போங்கள், முடிந்தால் துணையையும் அழைத்துப் போங்கள். துணை தானாக விரும்பி வந்தால் சரி. கட்டாயப்படுத்தியோ, நிக்காஹுக்காக வாயளவில் சொல்ல வைத்தோ கொண்டுவருவது யாருக்கும் நல்லதல்ல. அப்படி வந்து பிறகு கசந்து போனவர்கள்தான் இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரிவதுதான் முடிவு என்றால், தலாக் சொல்வதால் சிவில் திருமணம் முடியாது. நீதிமன்றத் தீர்ப்பால் மட்டுமே முடியும். வசதி இல்லாதவர்கள் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவில் கேட்டுப் பார்க்கலாம்.

5. பாக்கி: தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ்

மத்ஹபு வித்தியாசம் நேராக உதைக்கிற இடம்.

ஷாஃபி: வெளியே இருந்த காலத்துத் தொழுகையையும் நோன்பையும் களா செய்ய (விட்டதைப் பின்னால் நிறைவேற்ற) வேண்டும். முன்பு செய்த ஹஜ் நிற்கிறது, மறுபடி போக வேண்டியதில்லை. ஹனஃபி: வெளியே இருந்த காலத்துக்குக் களா இல்லை, அதற்கு முன் முஸ்லிமாக இருந்தபோது விட்டவற்றுக்கு மட்டும் உண்டு. ஆனால் முன்பு செய்த ஹஜ் கணக்கில் வராது, வசதி இருந்தால் மறுபடி செய்ய வேண்டும்.

ஷாஃபிகள் இதைப் படித்ததும் வயிறு கலங்கும். கலங்க வேண்டாம். ஒவ்வொரு ஃபர்ளு தொழுகையோடும் அதே வக்தின் களா ஒன்றைச் சேர்த்துத் தொழுதால், எத்தனை வருடம் விட்டீர்களோ அத்தனை வருடத்தில் தீரும். இரண்டு சேர்த்தால் பாதிக் காலம். வருடம் சரியாகத் தெரியாவிட்டால், "இதற்கு மேல் இருக்காது" என்று மனம் ஒப்பும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் கட்டம் போட்டு அடித்துக்கொண்டே வாருங்கள், போன் ஆப்பை நம்பாதீர்கள். போன் மாறினால் கணக்கும் போகும். பெண்கள் மாதவிடாய் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம், அந்தத் தொழுகைகளுக்குக் களா இல்லை.

களா நோன்புக்கு இந்த நாடு ஒரு வசதி வைத்திருக்கிறது. ஜூன், ஜூலையில் இங்கே குளிர்காலம். டர்பனில் அப்போது சூரியன் மாலை ஐந்தைத் தாண்டியதும் மறைகிறது, சுபுஹு ஐந்தரை வாக்கில். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவான நோன்பு, தாகமும் தெரியாது. டிசம்பரில் அதே நோன்பு பதினைந்து மணி நேரத்தைத் தாண்டும். ஊர்ப் பழக்கத்தில் "டிசம்பர் லீவில் பிடித்துவிடலாம்" என்று திட்டம் போடாதீர்கள்.

ஜகாத் பாக்கி இருந்தால், அது வெளியேறுவதற்கு முன்பு விட்டதா, பிறகா என்று பிரித்து எழுதி, அந்தந்த வருட வங்கிக் கணக்கு அறிக்கையோடு ஆலிமிடம் உட்காருங்கள். வங்கி பழைய அறிக்கைகளுக்குக் கட்டணம் வாங்கும், முதலில் ஆப்பில் எது இலவசமாக வருகிறது என்று பாருங்கள்.

6. கடிதமும் பெயரும்

திரும்பி வருவதற்குச் சான்றிதழ் தேவையில்லை என்று சொன்னேன். பிறகு எதற்கு அது? மூன்று இடத்துக்கு: உம்ரா, ஹஜ் விசாவுக்கு (பெயர் முஸ்லிம் பெயராகத் தெரியாவிட்டால் கேட்பார்கள்), ஜனாஸா (இறுதி அடக்கம்) நேரத்துக்கு, பிள்ளைகளின் நிக்காஹ் நேரத்தில் வாய் நீள்பவர்களுக்கு. பள்ளிவாசல் அல்லது உலமா அமைப்பின் லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு, இரண்டு சாட்சிகளின் பெயரோடு இருக்கட்டும். ஐடியில் உள்ள பெயர், ஐடி அல்லது பாஸ்போர்ட் எண், தேதி மூன்றும் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். "முன்பு மதம் மாறியிருந்தார்" என்ற வரி அதில் வேண்டாம், "இவர் முஸ்லிம்" என்பது போதும். இலவசமாகத்தான் கொடுப்பார்கள், கையில் நன்கொடை ரசீதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தொகையைச் சொன்ன ஓர் இடத்திலிருந்து நான் எழுந்து வந்துவிட்டேன்.

நகல்களைப் போலீஸ் ஸ்டேஷனில் சான்றளித்து வாங்கலாம், காசு இல்லை. அஃபிடவிட்டும் அங்கேயே சத்தியம் செய்து கையெழுத்திடலாம். சான்றளித்த நகல் 3 மாதத்துக்கு மேல் பழையதென்றால் பல இடங்களில் திருப்பிவிடுவார்கள். ஆகவே மொத்தமாகப் போட்டு வைக்காதீர்கள்.

பெயர் மாற்றம்: கட்டாயமில்லை. பெயரின் பொருள் வேறு தெய்வத்தின் அடிமை என்பது போல இருந்தால் மட்டும் மாற்றச் சொல்வார்கள். செல்வம், தமிழரசி, கண்மணி என்று இருந்தால் என் ஓட்டு அப்படியே விடுவதற்குத்தான். பள்ளியில் கூப்பிட ஒரு பெயர் வைத்துக்கொண்டால் போகிறது. சட்டப்படி மாற்றினால் ஐடி, பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், வங்கி, சார்ஸ் (வரித் துறை), பாலிசி, பட்டம் என்று வால் நீளும். ஸ்மார்ட் ஐடிக்கு 140 ரேண்ட், பாஸ்போர்ட்டுக்கு 600 ரேண்ட்; மாற்றத்துக்கான கட்டணம் தனி. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஹோம் அஃபேர்ஸில் வேலையே இல்லை, இந்தியத் தூதரகம் வழியாகத்தான். புது பாஸ்போர்ட் வந்ததும் இங்குள்ள விசாவை அதற்கு மாற்ற வேண்டும். விசா புதுப்பிக்கும் வருடத்தில் பெயரில் கை வைக்காதீர்கள்.

7. உயில்

உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுதுங்கள். உயில் இல்லாமல் இறந்தால் இங்குள்ள வாரிசுச் சட்டம் பிரிக்கும்: மனைவி அல்லது கணவருக்கு 2,50,000 ரேண்ட் அல்லது ஒரு பிள்ளையின் பங்கு, எது அதிகமோ அது, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் உம்மா வாப்பாவுக்கு ஒன்றுமில்லை. மார்க்கப்படியோ ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு உண்டு.

1953-ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பவை: எழுத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்து, 14 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள், இருவரும் ஒரே நேரத்தில் உங்களோடு இருக்க வேண்டும். உயிலில் பங்கு பெறுகிறவரும் அவருடைய துணையும் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் அவர் பங்கு போகலாம். மூலப் பிரதி ஒன்று பத்திரமான இடத்தில். இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகம் நகலை ஏற்காது.

திரும்பி வந்தவர்களுக்கு இதில் தனிச் சிக்கல்கள் உண்டு. முஸ்லிம் அல்லாத உறவினருக்கு மார்க்கப்படி வாரிசுரிமைப் பங்கு இல்லை. ஆனால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் (உயில் வழிக் கொடை) எழுதலாம். இந்துவாக இருக்கும் அம்மாவுக்கோ மகனுக்கோ ஏதாவது சேர வேண்டுமென்றால் அந்த மூன்றில் ஒன்றைப் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள். பொதுவாக "ஷரீஅத்படி பிரிக்கவும்" என்று மட்டும் எழுதினால் அவர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். சொத்துக் கலப்புத் திருமணம் என்றால் பாதி ஏற்கெனவே துணையுடையது, உங்கள் பாதியைத்தான் எழுத முடியும்.

ஊரில் வீடோ நிலமோ இருந்தால் அதற்குத் தனி உயில் நல்லது. அப்போது தென்னாப்பிரிக்க உயிலில் "இதற்கு முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து" என்று அச்சடித்து வரும் வரியைக் கவனியுங்கள். அது ஊர் உயிலையும் சேர்த்து அடித்துவிடும். "தென்னாப்பிரிக்கச் சொத்து குறித்த" என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

8. ஜனாஸா

குடும்பத்தில் மற்றவர்கள் இந்துக்கள் என்றால் இது உயிலைவிட அவசரம். காரணம், உயிலைப் பலர் எல்லாம் முடிந்த பிறகுதான் திறப்பார்கள். அதற்குள் தகனம் நடந்திருக்கும். குடும்பத்தின் மேல் தப்பில்லை, அவர்கள் தெரிந்ததைச் செய்வார்கள்.

ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: நான் முஸ்லிம், குளிப்பாட்டி, கபனிட்டு, தொழவைத்து அடக்கம் செய்ய வேண்டும், இந்தப் பள்ளியின் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கையெழுத்து, தேதி, ஐடி எண். ஒரு பிரதி பர்ஸில், ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் அல்லது வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில், ஒன்று ஜனாஸா கமிட்டியில். குடும்பத்தில் வாயாடாத, காரியம் பார்க்கிற ஒருவரிடம் நேரில் சொல்லிவையுங்கள்.

காகிதங்கள்: டாக்டரின் மரண அறிவிப்பு, இறந்தவரின் ஐடி, தகவல் தருபவரின் ஐடி. ஹோம் அஃபேர்ஸின் அடக்க உத்தரவு இல்லாமல் மண்ணில் வைக்க முடியாது. ஜனாஸா கமிட்டிக்காரர்கள் இதில் பழகியவர்கள், அதே நாளில் முடித்துவிடுவார்கள். விபத்து, சந்தேக மரணம் என்றால் அரசு பிணவறையில் பரிசோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டும், அதை யாராலும் முந்த முடியாது.

ஏதாவது ஃபியூனரல் பாலிசி கட்டிக்கொண்டிருந்தால் எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் பணத்துக்குப் பதிலாகக் குறிப்பிட்ட நிறுவனத்தின் சேவைதான் வரும், அதில் தகனமும் சேர்ந்திருக்கும். பணமாகத் தரும் திட்டத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

9. வேலை, வங்கி

ஜும்ஆவுக்கு விடுப்புக் கேட்காதீர்கள், நேர மாற்றம் கேளுங்கள். வெள்ளி மதியம் இத்தனை மணிக்குப் போய் இத்தனை மணிக்கு வருவேன், அந்த நேரத்தைக் காலையில் ஈடுகட்டுகிறேன் என்று ஒரு மெயில். எழுத்தில் இருப்பது முக்கியம். 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் மத அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் முதல் மெயிலிலேயே சட்டத்தை எடுத்து வீசாதீர்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

வட்டி விஷயத்தில் அவசரப்பட்டு வீட்டுக் கடனை உடைக்காதீர்கள். பாண்டை (அந்த வீட்டுக் கடனை) முடிக்க வழக்கமாக 90 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராத வட்டி. 1989-இல் டர்பனில் தொடங்கிய அல்பரகா வங்கியும், பெரிய வங்கிகளின் இஸ்லாமியப் பிரிவுகளும் இருக்கின்றன. மாற்றும் செலவை எழுத்தில் வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நகருங்கள்.

10. யாரிடம் சொல்வது

சொல்ல வேண்டியவர்கள்: துணை, உம்மா வாப்பா, நிக்காஹ் சாட்சிகள், ஜனாஸாவுக்குப் பொறுப்பானவர். அவ்வளவுதான். பழைய பாவத்தை விலாவாரியாக விவரிப்பதை மார்க்கமே விரும்பவில்லை, மறைத்து வைக்கத்தான் சொல்கிறது. பள்ளியில் மைக்கைக் கொடுத்து "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்பார்கள், ரேடியோவுக்குக் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்து உறவினர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தவும் வேண்டாம். சாப்பாடு, வழிபாடு இரண்டில் மட்டும் எது முடியும் எது முடியாது என்று முந்தின நாளே போனில் சொல்லிவிட்டால் அங்கே போய்த் தட்டை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியிருக்காது.

வெளியே இருந்த காலத்தில் முகநூலிலோ வேறெங்கோ எழுதியவை இருந்தால் அழித்துவிடுங்கள். உம்ரா விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் உங்கள் பெயரைப் போட்டு ஒருமுறை தேடிப் பாருங்கள், வேறு யாராவது பகிர்ந்தது மிச்சமிருந்தால் அவர்களிடம் கேட்டு நீக்கிவிடுங்கள்.